பெருந்தொற்று வந்தாலும் நாம் சேர்ந்து நடக்க வேண்டும்

எங்கள் நடைக்குழுவுக்கு எழுத்தில் ஒரு விதிமுறை வேண்டும் என்று பேச்சு எழுந்திருக்கிறது. கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு முன்வைக்கப்பட்டது ஒரே ஒரு வரிதான்: "பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து மறு அறிவிப்பு வரும்வரை குழு நடை கிடையாது." பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணத்தை வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். நடைக்குழு, ஓட்டக்குழு, மலையேற்றக்குழு என்று எதில் இருப்பவர்களும் படிக்கலாம்.

கொரோனா ஒன்றுமில்லை, வெறும் காய்ச்சல் என்று சொல்கிற ஆள் இல்லை நான். அது எத்தனை வீடுகளைக் குலைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். பயந்து ஒதுங்கியவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். நான் சொல்வது இதைத்தான்: வீட்டைத் தாண்டி மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள அந்த நாட்களில் இருந்த வழிகளிலேயே ஆபத்து மிகக் குறைவானது, திறந்தவெளியில் சிலராகச் சேர்ந்து நடப்பது. பல இடங்களில் அதைத்தான் முதலில் மூடினோம், திறப்பதற்கும் தயங்கினோம்.

ஏன் அப்படி ஆனது என்று யோசித்தால், கிருமி எப்படிப் பரவுகிறது என்பதில் இருந்த குழப்பம்தான் காரணம் என்று தோன்றுகிறது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்றது. அதே மாதம் 28-ஆம் தேதி, கொரோனா காற்றில் பரவும் நோய் அல்ல என்று சமூக ஊடகத்தில் அழுத்தமாகவே எழுதியது. இருமும்போது தெறிக்கும் பெரிய எச்சில் துளிகளும், தொட்ட பொருட்களும்தான் எதிரி என்று உலகமே நம்பியது. பூங்கா பெஞ்சுகளுக்கு நாடா கட்டினார்கள். காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் என்ற இரு விஞ்ஞானிகள் முன்னின்று எழுதிய திறந்த கடிதத்தை 239 விஞ்ஞானிகள் ஆதரித்தார்கள். பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய திவலைகள் அறைக்காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றன, காற்றோட்டத்தைக் கவனியுங்கள் என்பதுதான் அதன் சாரம். காற்று வழியான பரவலை உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கங்களில் தெளிவாகச் சேர்க்க 2021 ஆகிவிட்டது.

காற்றில் பரவும் என்றதும் வெளியே போவது இன்னும் ஆபத்து என்றுதான் பலருக்குத் தோன்றியது. உண்மை நேர் எதிர். காற்றில் பரவும் கிருமிக்கு மூடிய அறைதான் வசதி. கூடவே நடப்பவர் சிகரெட் பிடித்தால் அந்தப் புகை என்னவாகிறது, அதே ஆள் ஜன்னல் சாத்திய அறையில் பிடித்தால் என்னவாகிறது என்று நினைத்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். வெளியே காற்று திவலைகளைக் கலைத்து நீர்க்கச் செய்கிறது. வெயிலும் உதவுகிறது. ஆய்வகத்தில் செயற்கைச் சூரிய ஒளியில் வைத்துப் பார்த்தபோது, திவலைகளில் இருந்த கொரோனா கிருமியில் 90 சதவீதம் 20 நிமிடத்துக்குள் செயலிழந்தது.

சீனாவில் நோய் பரவிய தொடக்க மாதங்களில் எங்கே தொற்றியது என்ற விவரம் தெரிந்த 7,324 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். திறந்தவெளியில் தொற்றியதாகக் கிடைத்தது ஒரே ஒரு நிகழ்வு. ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்து இளைஞர், வூஹானிலிருந்து திரும்பிய ஒருவரோடு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அயர்லாந்தில் 2021 மார்ச் வரை பதிவான 2,32,164 தொற்றுகளில் வெளிப்புற நடவடிக்கைகளோடு தொடர்புபடுத்தப்பட்டவை 262. ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் பெரும்பகுதி கட்டுமானத் தளங்களும் விளையாட்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, வெளியில் இருப்பதைவிட உள்ளே இருக்கும்போது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 19 மடங்கு என்று கணக்கிட்டது.

இந்த எண்களை அப்படியே விழுங்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். வெளியில் தொற்றியவர்களைக் கண்டுபிடிப்பது கடினம். பூங்காவில் எதிரே வந்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? பின்னால் வந்த உருமாறிய வகைகள் இன்னும் வேகமாகவும் பரவின. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் உள்ளே, வெளியே என்ற வித்தியாசம் சின்னதாகிவிடவில்லை.

மறுபக்கம் ஒரு நிகழ்வைப் பாருங்கள். 2020 மார்ச் 10, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு, இரண்டரை மணி நேரம் ஒரு மண்டபத்துக்குள் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் ஜலதோஷம் போல ஏதோ இருந்தது. கடைசியில் 53 பேருக்கு நோய் என்று கணக்கானது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்களும் நம்மைப் போல வாராவாரம் சந்தித்துப் பழகிய, பெரும்பாலும் வயதில் மூத்த நண்பர்கள்தான்.

அப்படியென்றால் நடைக்குழுவால் ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது நாம் தேடும் இடத்தில் இல்லை. ஒரு குழு நடையை முதலிலிருந்து கடைசிவரை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஐந்து பேர் ஒரே காரில், ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு வருகிறார்கள். நடையைவிட அந்த அரை மணி நேரம்தான் பெரிய ஆபத்து. அப்புறம், தொடங்கும் இடத்தில் எல்லோரும் வரும்வரை வட்டமாக நின்று அரட்டை. வழிநடத்துபவர் பாதையைப் பற்றிச் சொல்லும்போது, அவர் குரல் கேட்கவில்லையே என்று எல்லோரும் நெருங்கி மொய்ப்பது. நடுவில் ஒரு செல்ஃபி, தலைகள் ஒன்றோடு ஒன்று முட்ட. மழை வந்தால் ஒரு சின்னக் கூரைக்கு அடியில் அத்தனை பேரும். முடிந்ததும் ஒரு அறைக்குள் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச்சும் சிரிப்பும். இவற்றுக்கு நடுவே இருக்கும் அந்த நடை, எல்லோரும் நகர்ந்துகொண்டே, பெரும்பாலும் முன்னே பார்த்துக்கொண்டே, காற்று வீசும் வெளியில் கழியும் நேரம். நடையை ரத்து செய்வது சுலபம். இந்த ஓரங்களை வெட்டுவதற்குத்தான் ஒழுங்கும் மனசும் வேண்டும்.

2020 செப்டம்பர் 26 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் நடந்த விழா பலருக்கு நினைவிருக்கும். அது திறந்தவெளி நிகழ்ச்சிதான். ஆனாலும் வந்தவர்களில் பலருக்கு அடுத்த சில நாட்களில் தொற்று உறுதியானது. நாற்காலிகளை ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள், பெரும்பாலோர் முகக்கவசம் போடவில்லை, கட்டிப்பிடித்து நலம் விசாரித்தார்கள். அதோடு அன்று கட்டடத்துக்குள்ளும் வரவேற்பு நடந்தது. வானம் தெரிகிறது என்பது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஹெனான் இளைஞரும் வெளியில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "சரி, நடை நல்லதுதான், தனியாக நடந்துகொள்ளட்டுமே, கூட்டம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் தனியாக நடக்க முடிந்தவர்கள். தனியாக நடக்கத் தைரியம் இல்லாதவர்கள், விழுந்துவிட்டால் தூக்க ஆள் வேண்டும் என்று நினைப்பவர்கள், விடிகாலையில் ஆளில்லாத பாதையில் தனியாகப் போகத் தயங்கும் பெண்கள், யாரும் கூப்பிடாவிட்டால் கட்டிலை விட்டே எழாதவர்கள், இவர்களுக்கெல்லாம் குழு இல்லையென்றால் நடையே இல்லை. எங்கள் குழுவில் மனைவியை இழந்தபிறகு வந்து சேர்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசும் நேரம் அதுதான் என்று அவர் மகளே சொன்னார். அவரிடம் போய் "ஐயா, தனியா நடந்துக்குங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. நடைக்குழுக்களைப் பற்றி 14 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இரத்த அழுத்தம், ஓய்வு நேர இதயத் துடிப்பு, உடல் கொழுப்பு, மனச்சோர்வு எல்லாமே குறைந்திருந்தன. நாலில் மூன்று பங்கினர் பாதியில் விடாமல் தொடர்ந்தும் இருந்தார்கள். புத்தாண்டுத் தீர்மானமாக நடக்கத் தொடங்கிய யாருக்கும் இந்தக் கடைசி விவரத்தின் அருமை புரியும். உறவுகளின் வலு ஆயுளை எப்படிப் பாதிக்கிறது என்று 148 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதற்கெல்லாம் நடை நின்றதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழு நடையை நிறுத்துவதால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்பதுபோல அந்த ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் ஏற்கெனவே தனியாக இருப்பவர்கள்.

வயதானவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். கொரோனாவில் அதிகம் இறந்தது அவர்கள்தான், ஆகவே அவர்களை வரவிடக் கூடாது என்று பிள்ளைகள் சொன்னார்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே பெரியவரை ஜன்னல் சாத்திய அறையில் உட்காரவைத்து, வேலைக்குப் போய்வரும் நாலு பேர் அவரோடு டிவி பார்த்தார்கள். அவருக்கு எங்கே ஆபத்து அதிகம்? விவரத்தைச் சொல்லி, வருவதா வேண்டாமா என்று அவரையே முடிவு செய்யவிட வேண்டும். எழுபது வயது மனிதருக்குத் தன் உயிரைப் பற்றி யோசிக்கத் தெரியாதா?

அரசு ஊரடங்கு போட்டால் அதை மீறி நடக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டம் சட்டம்தான். 2020-ல் பிரான்சில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரம்தான் உடற்பயிற்சிக்கு அனுமதி. ஸ்பெயினில் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் 26 வரை குழந்தைகள் வெளியே விளையாடவே முடியவில்லை. முதல் வாரங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது, அப்போது எல்லாவற்றையும் மூடியதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அடுத்து வரும் கிருமியும் புதிதாகத்தான் இருக்கும், அது பரவும் விதம் தெரியும்வரை நாமும் நிறுத்தியே ஆக வேண்டும். மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காத நாட்களிலும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அப்போது நடையில் கால் சுளுக்கினால்கூடப் பார்க்க ஆள் இருக்காது. என் மறுப்பு, விவரம் தெரிந்தபிறகும் "மறு அறிவிப்பு வரும்வரை" என்று மாதக்கணக்கில் இழுப்பதற்குத்தான். மறு அறிவிப்பை யார் கொடுப்பது, எதைப் பார்த்துக் கொடுப்பது என்று அந்த வரியில் ஒரு வார்த்தை இல்லை. அப்படி நிறுத்தப்பட்ட குழுக்கள் பல தானாகக் கலைந்தே போயின.

நடைக்குழுவில் மிகக் கடினமான விதி முகக்கவசமோ இடைவெளியோ அல்ல. உடம்பு சரியில்லாதவர் வராமல் இருப்பதுதான். "லேசான தொண்டைக் கரகரப்புதான், வெளியேதானே நடக்கப்போகிறோம்" என்று வந்துவிடுவார்கள். முகத்துக்கு நேரே திரும்பிப் போகச் சொல்ல வழிநடத்துபவருக்கு மனம் வராது. வராமல் போனவரைக் கேலி செய்கிற பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும், காரணம் கேட்கவும் கூடாது. இதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவர்களுக்குத் தொற்றியது. ஒருவரிடமிருந்து பரவியதில் ஏறத்தாழ 44 சதவீதம் அப்படி நடந்ததாக 2020-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதனால்தான் யாருக்கும் எதுவும் இல்லை என்று தோன்றும் நாளிலும் இடைவெளி வேண்டும் என்கிறேன். குழு சிறியதாகவும், வாரத்துக்கு வாரம் ஆள் மாறாததாகவும் இருந்தால், ஒருவருக்கு வந்தாலும் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்.

ஆகவே அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக நான் வரும் கூட்டத்தில் வைக்கப்போவது இதுதான். கிருமி பரவும் விதம் தெரியும்வரை நடை இல்லை. தெரிந்தபின், சட்டம் அனுமதித்தால், ஆறு பேருக்கு மிகாத நிலையான சிறு குழுக்கள். அவரவர் வண்டியில் அல்லது நடந்தே வருவது. வட்டமாக நிற்காமல் வந்ததும் கிளம்புவது, அகலமான பாதையாகத் தேர்ந்தெடுப்பது, பாதை விவரத்தை முதல் நாளே எழுதி அனுப்புவது. கூரைக்கு அடியில் எதுவும் கிடையாது, மழை வந்தால் வீட்டுக்கு. முடிவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேதி குறித்து மறுபரிசீலனை செய்வது. வர முடியாதவர்களுக்கு அன்று ஒருவர் கட்டாயம் போன் செய்து பேசுவது. இந்தக் கடைசியைச் சிலர் தேவையில்லை என்பார்கள், நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், முக்கியமாகப் பெருந்தொற்று நாட்களில் குழுவை வழிநடத்தியவர்கள். கூட்டத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் படித்துவிடுவேன்.