கூட்டம் வந்தால்தான் அது பொருட்காட்சி

ஆடி பிறந்தால் சேலத்தில் ஒரு புலம்பல் கேட்கும். "மாரியம்மன் பண்டிகை வந்தாச்சு, இனி டவுன் பக்கம் தலைகாட்ட முடியாது." மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கும் இதே பாட்டுதான். கண்ட கண்ட கூட்டமெல்லாம் மலையேறி இடத்தைக் கெடுக்கிறதாம். சொல்பவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்கள்.

இந்தப் புலம்பலுக்கு வயது 170-க்கு மேல். 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சி போட்டபோது, கூலிக்காரர்கள் வந்தால் கலவரமாகிவிடும் என்று பெரிய மனிதர்கள் பயந்தார்கள். அது நடந்த பிரம்மாண்ட கண்ணாடி மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் அடிப்படையில் ஒரு தோட்டக்காரர். (ஏற்காடு அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்க்கப் போகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.) முதலில் கட்டணம் எக்கச்சக்கம். மே மாதக் கடைசியில் வாரத்தில் நான்கு நாள் ஒரு ஷில்லிங் என்று குறைத்தார்கள். ஜனம் ரயிலேறி வந்து குவிந்தது, கலவரம் எதுவும் நடக்கவில்லை. ஐந்தரை மாதத்தில் சுமார் 60 லட்சம் வருகை. செலவு போக மிஞ்சிய பணத்தில் தெற்கு கென்சிங்டனில் நிலம் வாங்கினார்கள், இன்று அங்கே மியூசியங்கள் நிற்கின்றன. எல்லாம் அந்தக் கூட்டத்தின் காசு.

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அங்கே ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற குழாய் வேலைக்காரர் பொதுக் கழிப்பறை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. 8 லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்துப் போயிருக்கிறார்கள்.

சரி, நம்மூருக்கு வருவோம். சேலம் குகைப் பகுதியில் ஆடிக்கு நடக்கும் வண்டி வேடிக்கைக்கு டிக்கெட்டும் கிடையாது, மேடையும் கிடையாது. வண்டி மேல் கைலாயத்தைக் கட்டி, சிவனும் பார்வதியும் சிலை மாதிரி உட்கார்ந்து வருவார்கள். கிட்டே போனால் சிவன் நெற்றியில் வியர்வையோடு நீலச்சாயம் வழிவது தெரியும், பின்னாலிருந்து ஒருவர் துண்டால் ஒற்றிவிடுவார். என்னைக் கேட்டால் எந்த அரசு அரங்கும் இதற்கு ஈடில்லை. நம்மூர் அரசுப் பொருட்காட்சியில் துறைவாரியாக வைத்திருக்கும் மாதிரிகளை யாரும் நின்று பார்ப்பதில்லை, நேரே ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான். அதிலும் தப்பில்லை. ஜனம் வெளியே வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு கூட்டத்தில் பெண்கள் பாடுதான் திண்டாட்டம். எங்கள் வீட்டில் அம்மா, அத்தை எல்லாரும் விழாவுக்குக் கிளம்பும் அன்று மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மலைக்குப் போனாலும் அப்படித்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வண்டி நகராமல் நிற்கும்போது ஆண்களுக்கு மரத்தடி இருக்கிறது. பெண்கள் எங்கே போவார்கள்?

அதனால் கூட்டத்தைக் குறை சொல்வதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். ராட்டினத்துக்கும் கடைகளுக்கும் ஏலம் விடும்போதே, பெண்கள் கழிப்பறை எத்தனை, தண்ணீருக்குப் பொறுப்பு யார், ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். காசு வாங்கினாலும் கொடுக்கிறோம். குழாயில் தண்ணீர் வந்தால் சரி.