மக்காச்சோள ஸ்பிரிட்டும் மாமாவோட கோழிகளும்

20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்னாலே எல்லாரும் மைலேஜ் போச்சுன்னு சண்டைக்கு வர்றீங்க. குறையத்தான் செய்யும், பெட்ரோலவிட எத்தனால்ல மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. ஆனா எனக்கு கவலை வண்டியப் பத்தி இல்ல, கோழியப் பத்தி.

நாமக்கல் பக்கம் மாமாவுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. போன வாரம் நான் இருந்தப்ப தீவனத்துல கலக்குற டிடிஜிஎஸ் ஒரு லோடு வந்துச்சு. மாமா ஒரு மூட்டையப் பிரிச்சு ஒரு பிடி அள்ளி மோந்து பாத்துட்டு, "கருகல் வாடை வருது மாப்ள, நெறத்தப் பாரு, காப்பித்தூளாட்டம்"னாரு. அதிகமா சூடு வச்சு காய வச்சிருக்காங்க, அப்படிக் கருகுனா லைசின்ங்கிற புரோட்டீன் சத்து கெட்டுப்போயிரும், கோழிக்கு பிரயோஜனமில்ல.

டிடிஜிஎஸ்னா வேற ஒண்ணுமில்ல, தானியத்துல ஸ்பிரிட், அதாவது எத்தனால், எடுத்தப்புறம் மிஞ்சுற சக்கை. மக்காச்சோளத்த அரைச்சு தண்ணி ஊத்தி வேக வச்சா களி மாதிரி கெட்டியா வரும்ல, அதுல என்சைம் போட்டதும் மாவுச்சத்து உடைஞ்சு கஞ்சித்தண்ணியா இளகிரும், அப்புறம் சர்க்கரையாகும், ஈஸ்ட் போட்டு ரெண்டு மூணு நாள் புளிக்க விடுவாங்க. அதக் காய்ச்சி வடிச்சா எத்தனால் 96 சதவீதம் வரைக்கும் ஏறும், அதுக்கு மேல எவ்வளவு கொதிக்க வச்சாலும் தண்ணி பிரியாது, ரெண்டும் சேந்தே ஆவியாகும். பெட்ரோல்ல கலக்கணும்னா மீதித் தண்ணியையும் தனியா உறிஞ்சி எடுக்கணும். செண்டுக்கும் ஹோமியோபதி மருந்துக்கும் 96 சதவீதமே போதும்.

ஒரு டன் மக்காச்சோளம் போட்டா சுமாரா 380 லிட்டர் எத்தனால். எடையில பாத்தா மூணுல ஒரு பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு கரியமில வாயு, ஒரு பங்கு சக்கை. மாவு போயிட்டதால சக்கையில புரோட்டீன் மூணு மடங்கு ஏறும், ஆஹா சூப்பர்னு விப்பாங்க. ஆனா மக்காச்சோளத்துல பூஞ்சை புடிச்சிருந்தா, அது விடுற அஃப்ளடாக்ஸின்ங்கிற விஷமும் காய்ச்சுனா போகாது, அதுவும் அதே மூணு மடங்கு ஏறி சக்கையிலயே நிக்கும்! இத எந்த ஏஜென்டும் சொல்றதில்ல.

முட்டைக்கோழி தீவனத்துல பாதி கிட்ட மக்காச்சோளந்தான். அது எத்தனாலுக்குப் போக ஆரம்பிச்சதும், ஏற்றுமதி பண்ணிட்டு இருந்த நம்ம நாடு 2024ல பர்மா, உக்ரைன்ல இருந்தெல்லாம் மக்காச்சோளம் வாங்குச்சு. விதைச்ச விவசாயிக்கு நாலு காசு கூட கிடைச்சது நல்லதுதான், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா எத்தனால் ஆலைக்கு 2025ல மத்திய அரசோட உணவுக் கழகம் எஃப்சிஐ குடோன் அரிசிய கிலோ 22 ரூவா 50 காசுக்குக் குடுத்தாங்க, எத்தனாலுக்கு விலையும் முன்னாடியே பேசி வச்சிருக்கு. பண்ணைக்காரன் மட்டும் தீவனத்த மார்க்கெட் விலைக்கு வாங்கி, முட்டைய அன்னன்னைக்கு ரேட்டுக்கு விக்கணுமா? சரி, மானியமெல்லாம் வேண்டாம், சக்கை லோடு கிளம்புறப்பவே அஃப்ளடாக்ஸின் லேப் ரிப்போர்ட் கூட வரணும்னு கட்டாயமாக்குங்க, அந்தச் செலவ ஆலை ஏத்துக்கட்டும்.

அந்த லோட மாமா இறக்கல. டிரைவர்தான் பாவம், டீய மட்டும் குடிச்சுட்டு அப்படியே வண்டியத் திருப்புனாரு.