பார்க்காத சாமானுக்கு டோக்கன் எதுக்குய்யா?

"ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க, டோக்கன் போட்டீங்கன்னா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்." டோக்கன்னா முன்பணம். இந்த ஒரு வரியைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. எதைய்யா எடுத்து வைக்கப் போறே? முதல்ல உன்கிட்ட அந்தச் சாமான் இருக்கா?

பழைய ஸ்கூட்டர், பழைய போன், பழைய ஃப்ரிட்ஜ்னு ஏதாவது வாங்கலாம்னு பழைய சாமான் விக்கிற ஆப்ல ஒரு அரை மணி நேரம் தேடிப் பாருங்க. பாதி விளம்பரம் அநியாய விலை. மீதி அநியாயத்துக்குக் குறைஞ்ச விலை. வாங்கி நாலு வருஷம் கூட ஆகாத ஆக்டிவா, சிங்கிள் ஓனர், ஒரு கீறல் கிடையாது, 22,000 ரூபாய்! புத்தி உள்ளவன் எவன் விப்பான்? கேட்டா வாயில ரெடியா பதில் இருக்கு: "சார், நான் ஆர்மி. டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு."

இந்த ஆர்மி கதை எத்தனை வருஷமா ஓடுதுன்னு எனக்கே தெரியல. இன்னும் ஹவுஸ்ஃபுல். கேக்காமலேயே யூனிஃபார்ம் போட்டோ வரும், ஆதார் வரும், கேண்டீன் கார்டு வரும். யாரோ ஒரு நிஜமான ஜவான்கிட்ட வேற ஏதோ காரணம் சொல்லி வாங்கின காகிதம் அதெல்லாம். பாவம், அந்த மனுஷன் எங்கேயோ பனியில நின்னுட்டு இருப்பார், அவர் மூஞ்சியை வச்சு இவன் வண்டி வித்துட்டு இருப்பான். சரி, வண்டியை எங்க வந்து பாக்கலாம்னு கேளுங்க. "மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல இருக்கு, சிவிலியன் உள்ள வர முடியாது, ஆர்மி பார்சல்ல உங்க வீட்டுக்கே வந்துடும்." ஸ்கூட்டருக்கு ஏர்போர்ட்ல என்ன வேலை? ஃப்ளைட் புடிச்சுப் போகப் போகுதா?

அடுத்து ஒரு ரசீது அனுப்புவான். மேல அசோகச் சக்கரம், கீழ ரப்பர் ஸ்டாம்ப், நடுவுல ஸ்பெல்லிங் மிஸ்டேக். தமிழ்ல வர்ற மெசேஜைப் படிச்சாலே தெரிஞ்சிடும், மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டு எடுத்ததுன்னு. "ஐயா நான் இந்திய இராணுவம், நீங்கள் என்னை நம்பிக்கை செய்யுங்கள், ஜெய் ஹிந்த்." இராணுவமே ஒத்தை ஆளா வந்து நம்மகிட்ட பழைய ஸ்கூட்டர் விக்குது! பார்சல் சார்ஜ் 3,150 கட்டணுமாம். கட்டினா, வண்டி டோல்கேட் தாண்டிடுச்சாம், டிரைவர் போன்ல பேசுவானாம், இன்ஷூரன்ஸ் 6,200 கட்டணுமாம். "எல்லாம் ரீஃபண்டபிள் சார்." அதையும் கட்டினா, "நீங்க ரெண்டு தடவையா அனுப்பிட்டீங்க, சிஸ்டம் எடுத்துக்கல, ஒரே தொகையா மறுபடி அனுப்புங்க, பழசு தானா திரும்பி வந்துடும்." ஏற்கெனவே போன காசை மீட்கத்தான் ஜனங்க மறுபடி மறுபடி போடறாங்க. இது தெரிஞ்சுதான் முதல் தொகையைச் சின்னதா வைக்கிறான். 22,000 மொத்தமா கேட்டா யோசிப்போம். டோக்கன்னா யோசிக்க மாட்டோம்.

நேத்து கூட ஒருத்தர் என்கிட்ட ஞானம் பேசினார்: "ஏமாறுறவன் பேராசைக்காரன் சார்." எனக்கு வந்ததே கோவம்!

எங்க தெருவுல பிளவுஸ் தைக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. ஓரம் அடிக்கிறதுக்கு மட்டும் வெளியில கடைக்குக் கொடுத்து வாங்கணும். ஒரு பிளவுஸுக்கு அஞ்சு ரூபா, பத்து ரூபான்னு அங்க போயிடுது, அதுக்கு மேல அலைச்சல் வேற. சொந்தமா ஒரு ஓவர்லாக் மிஷின் போடணும்னு சீட்டு எடுத்து வச்சிருந்தாங்க. புதுசு கட்டுப்படியாகாது. "திருப்பூர்ல கம்பெனியை மூடுறோம், மிஷின் எல்லாம் பாதி விலைக்கு"ன்னு ஒரு விளம்பரம். இதுல நம்பாம இருக்க என்ன இருக்கு சொல்லுங்க? திருப்பூர்ல ஆர்டர் இல்லாம சின்ன யூனிட்டுங்க மூடறதும் நிஜம், மிஷினை வந்த விலைக்குத் தள்ளறதும் நிஜம். போன்ல பேசினவன் நல்ல கொங்குத் தமிழ்ல "வாங்கக்கா, போங்கக்கா"ன்னு பேசியிருக்கான். டோக்கன் 2,000. அடுத்த நாள் லாரி வாடகை 3,500. அதுக்கடுத்து, பில் இல்லாம செக்போஸ்ட்ல வண்டி நிக்குது, ஜிஎஸ்டி 4,800 கட்டினாத்தான் விடுவாங்கன்னு.

அடப்பாவி, ஜிஎஸ்டி வந்த 2017லேயே வணிகவரி செக்போஸ்ட்டை எடுத்துட்டாங்க! திருப்பூர்லேர்ந்து நம்ம ஊர் வர்றதுக்குள்ள எந்த நாட்டு எல்லையைத் தாண்டுது உன் லாரி? ஆனா அந்த அக்காவுக்கு இது எப்படித் தெரியும்? எதுக்குத் தெரியணும்? தைக்கத் தெரிஞ்சவங்க வரிச் சட்டமும் படிச்சிருக்கணுமா?

பணம் போன கணக்கும் அவன் பேர்ல இல்ல. செந்தில்னு சொன்னவனுக்கு ஜிபேல வந்த பேர் வேற யாரோ ஒரு பொம்பளைப் பேர். கேட்டதுக்கு "என் கணக்குல லிமிட் முடிஞ்சிடுச்சுக்கா, இது நம்ம அக்கவுண்டன்ட்டோடது"ன்னுட்டான். அந்தப் பேர்ல நிஜமாவே ஒரு ஆள் எங்கேயாவது இருக்கும். ஏதோ கொஞ்சம் காசுக்கு பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாடகைக்கு விட்ட ஆள். பசங்களா, "உன் அக்கவுண்ட்ல கொஞ்ச நாள் காசு வந்து போகும், கமிஷன் தர்றேன்"னு எவனாவது சொன்னா ஓடிடுங்க. போலீஸ் முதல்ல தட்டப் போறது உங்க வீட்டுக் கதவைத்தான்.

மிஷின் வரல. நம்பர் பிளாக். அக்கா அழுதுட்டு உக்காந்திருந்தாங்க, வீட்டுக்காரர் வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சிட்டு இருந்தார். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: சைபர் மோசடிக்குப் புகார் சொல்ற 1930க்கு போன் பண்ணீங்களா? அப்படி ஒரு நம்பர் இருக்கறதே தெரியல. சினிமா வசனம் அம்புட்டும் தெரியற நாட்டுல இந்த நாலு எண் ஜனங்களுக்குத் தெரியலைன்னா அது யார் தப்பு? பணம் போன உடனே அடிக்கணும். மறுநாள் இல்ல, சாயந்திரம் இல்ல, அப்பவே. ஏன்னா முதல் கணக்குல காசு நிமிஷக் கணக்குலதான் நிக்கும், அங்கேர்ந்து நாலா பிரிஞ்சு ஏடிஎம் வழியா வெளிய போயிடும். அதுக்குள்ள சொன்னா நடுவுல எங்கேயாவது முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கு. தேசிய சைபர் க்ரைம் இணையதளத்துலயும் புகார் பதியலாம். யூடிஆர் நம்பர் (காசு அனுப்பினதுக்கான பரிவர்த்தனை எண்), சாட், அவன் அனுப்பின போட்டோ எல்லாத்தையும் பத்திரமா வைங்க. கோவத்துல சாட்டை அழிச்சுடாதீங்க!

ஸ்டேஷனுக்குப் போனா "சைபர் க்ரைம் போங்க". பேங்குக்குப் போனா "நீங்களே பின் போட்டு அனுப்புனதும்மா, நாங்க என்ன பண்ண முடியும்?" பேங்க் சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு. நமக்கே தெரியாம கணக்குலேர்ந்து காசு போச்சுன்னா மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நஷ்டம் நம்ம தலையில விழாதுன்னு ரிசர்வ் பேங்க் 2017ல விதி போட்டிருக்கு. ஆனா நாமளே ஏமாந்து நம்ம கையால அனுப்புனா அது பொருந்தாது. திருடன் பூட்டை உடைச்சா ஒரு நியாயம், நம்ம கையாலயே திறக்க வச்சா வேற நியாயம்.

சட்டம் இல்லாம இல்ல. ஐடி சட்டத்துல, அதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல, 66டி இருக்கு, ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். நமக்கெல்லாம் மனப்பாடமான 420 இப்ப இல்ல, 2024 ஜூலை 1லேர்ந்து புதுச் சட்டத்துல 318. ஏழு வருஷம் வரைக்கும் போடலாம். போடறதுக்கு ஆள் சிக்கணுமே! 2023 ஏப்ரல்ல ஹரியானாவுல நூஹ் மாவட்டத்துல இந்த ஆன்லைன் மோசடிக் கும்பலைப் பிடிக்க 5,000 போலீஸ் போய் 14 கிராமத்தைச் சுத்தி வளைக்க வேண்டி வந்துச்சு. அந்த அளவுக்குத் தொழிலா நடக்குது. இதுக்கு எதிர்ல ஒரு தையல்கார அக்கா தனியா நிக்கிறாங்க, நீங்க அவங்களைப் பாத்து பேராசைங்கறீங்க. போங்கய்யா.

எனக்கு இன்னும் பெரிய எரிச்சல் இந்த ஆப் நடத்தறவங்க மேல. அக்காவை ஏமாத்தின அதே மிஷின் போட்டோ, பின்னாடி அதே பச்சைச் சுவர், அதே உடைஞ்ச ஸ்விட்ச் போர்டு, வேற பேர்ல சேலம்னு போட்டுத் திரும்ப வந்துச்சு. புகார் பட்டனை அழுத்தினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி." கருத்தா அது? திருட்டுய்யா! ஒரே படத்தைப் பத்து பேர் ஏத்துறது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதா? நான் நேத்து குக்கர் பாத்தா இன்னிக்குப் பூரா குக்கர் விளம்பரம் காட்டத் தெரியுதுல்ல?

எங்க தாத்தா மணப்பாறைச் சந்தைக்கு மாடு வாங்கப் போனா முதல்ல பல்லைப் பிடிச்சுப் பாப்பார். சுழி பாப்பார். நாலு எட்டு நடக்க விட்டுப் பாப்பார். அப்புறம்தான் துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேச்சு. எல்லாம் படிஞ்சு, நாலு பேர் பாக்க, மடியிலேர்ந்து அச்சாரம் வெளிய வரும். படிக்காத மனுஷன். நாம படிச்சுக் கிழிச்சுட்டு, மாட்டோட போட்டோவைப் பாத்து அச்சாரம் அனுப்பிட்டு இருக்கோம்.

அதனால யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான். பாத்துட்டுத்தான் காசு. தூரம்னா வீடியோ கால்ல வரச் சொல்லுங்க. மிஷினா, நூல் கோத்து ஓட்டிக் காட்டட்டும், பக்கத்துல இன்னிக்குத் தேதியை ஒரு பேப்பர்ல எழுதி வைக்கட்டும். நெட்வொர்க் இல்ல, கேமரா ரிப்பேர்னா வணக்கம் சொல்லிட்டு வச்சிடுங்க. அப்பவும் முன்பணம் கிடையாது, போய்ப் பாத்துதான்.

வண்டின்னா எம்பரிவாகன்ங்கற அரசாங்க ஆப்ல நம்பரைப் போட்டுப் பாருங்க. ஆர்சியில ஃபைனான்ஸ் இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த ஃபைனான்ஸ்காரன் ஆட்சேபம் இல்லைன்னு கொடுத்த என்ஓசியும், அடமானத்தை நீக்கற ஃபார்ம் 35ம் கையில வராம பேச்சே வேணாம். வண்டியில அடிச்சிருக்கற சேசிஸ் நம்பர் ஆர்சியோட ஒத்துப்போகுதான்னு குனிஞ்சு பாருங்க, வெக்கப்படாதீங்க. காசைக் கொடுக்கும்போதே ஆர்சியில பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கிடுங்க. போன்னா ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு ஐஎம்இஐ, அதான் போனோட அடையாள நம்பர், எடுத்து சஞ்சார் சாத்திங்கற அரசாங்க இணையதளத்துல போட்டுப் பாருங்க, திருட்டுன்னு முடக்கின போனா இருந்தா காட்டிடும். போன்ல இருக்கற பழைய ஆளோட கூகுள், ஆப்பிள் அக்கவுண்டை உங்க கண் முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. இஎம்ஐ பாக்கி இருந்து, கடன் கொடுத்தவன் போனைப் பூட்டிட்டா அது வெறும் செங்கல்.

விக்கிறவங்களையும் இவனுங்க விட்டு வைக்கல. நம்ம கட்டிலுக்குப் பேரம் கூட பேசாம ஒத்துக்கிட்டு, "காசு வாங்க இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு அனுப்புவான். காசு வாங்கறதுக்கு ஸ்கேனும் வேணாம், பின்னும் வேணாம். பின் போட்டா நம்ம காசு போகுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். தனியாளுக்குத் தனியாள் பணம் கேட்டு அனுப்பற 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' வசதியை இந்தத் தொல்லைக்காகவே 2025 அக்டோபர்ல யூபிஐயை நடத்தற என்பிசிஐ எடுத்தாங்க. க்யூஆர் நாடகம் மட்டும் இன்னும் நடக்குது.

கடைசியா, நேர்மையா விக்கிற புண்ணியவான்களுக்கு. நீங்களும் "டோக்கன் போடுங்க"ன்னு கேக்கறீங்க பாருங்க, அந்தப் பழக்கத்துலதான் அவன் பொழைக்கிறான். வர்றேன்னு சொல்லிட்டு வராம உங்க ஞாயித்துக்கிழமையைக் கெடுக்கறவங்க இருக்காங்க, ஒத்துக்கறேன். அதுக்காக முகம் தெரியாதவங்ககிட்ட முன்பணம் கேக்காதீங்க. "நேர்ல வாங்க, ஓட்டிப் பாருங்க, பிடிச்சா காசு"ன்னு விளம்பரத்துலேயே எழுதுங்க. கேப்பேன்னு அடம் பிடிச்சீங்கன்னா உங்களையும் அந்த ஏர்போர்ட் ஆர்மிக்காரன் லிஸ்ட்லதான் வைப்போம். கோவிச்சுக்காதீங்க.