எல்லா சக்குலென்ட்டும் இலையிலிருந்து வராது

"எந்தச் சக்குலென்ட் (தடித்த இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் செடி) இலையையும் கிள்ளி மண்ணில் வைத்து, தினமும் தண்ணி தெளித்தால் செடியாகிவிடும்" என்று ஒரு அண்ணாச்சி பதிவு போட்டிருக்கிறார். இதை நம்பி நிறைய பேர் இலையை அழுகவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

ரணகள்ளி இலை விளிம்பிலேயே குட்டி விடும். எல்லாமே அப்படி இல்லை. எச்சிவேரியா, கிராப்டோபெட்டலம் போன்ற ரோஜாப்பூ வடிவச் சக்குலென்ட்கள் இலையிலிருந்து நன்றாக வரும். ஆனால் இலையின் அடிப்பாகம் முழுசாகத் தண்டிலிருந்து கழன்று வரணும். வேரும் குருத்தும் கிளம்புவது அந்த அடியில்தான். பாதியில் கிள்ளியது பெரும்பாலும் வீண். இலையைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால் சுத்தமாகக் கழன்றுவிடும். ஏயோனியம் என்ற சக்குலென்ட்டுக்குத் தண்டு வெட்டித்தான் வைக்கணும். மஞ்சள் கரை போட்ட பாம்புக் கற்றாழை இலைத்துண்டில் முளைக்கும், ஆனால் மஞ்சள் போய் வெறும் பச்சையாக வரும். அழகு வேணும்னா பக்கக் கன்றைப் பிரித்து நடுங்க.

தினமும் தண்ணி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆகவே ஆகாது. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொரு மழைக்காலம். ஆரல்வாய்மொழிக் காற்றில் சட்டென்று காயும் தொட்டி, குலசேகரம் பக்கம் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கழற்றிய இலையை நிழலில் 3, 4 நாள் காயம் ஆறவிடுங்க. பிறகு மண்மேல் சும்மா கிடத்துங்க, புதைக்காதீங்க. வேர் தலைகாட்டிய பிறகு லேசாகத் தெளித்தால் போதும். தேங்காய் நார்த்தூளை மட்டும் நம்பாதீங்க, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருமணலும் உடைத்த செங்கல்லும் பாதிக்கு மேல் இருக்கட்டும். தொடங்க ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதம்.