சரியாக பஸ் வராத ஊருக்குப் பெட்ரோல் வரி

பள்ளத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். காலையில் ஒரு பஸ், அதை விட்டால் மத்தியானம்தான். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. காரைக்குடி டாக்டரிடம் காட்ட, ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துத்தான் கூட்டிப் போகிறேன். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

நேற்று டீக்கடையில் ஒருவர், "பெட்ரோலுக்கு இன்னும் வரி போட்டாத்தான் ஜனம் வண்டியைக் குறைக்கும், புகை குறையும்" என்றார். அவர் மேல் கோபமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு இரண்டு கிலோவுக்கு மேல் வருகிறது. கண்மாய் வறண்டு கிடப்பதைப் பார்க்கிற எனக்கு அந்தக் கவலை இல்லாமலா இருக்கும்? சரி, வண்டியை நிறுத்துகிறேன். எதில் ஏறுவது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008-இல் புகைவிடும் எரிபொருளுக்குக் கார்பன் வரி போட்டபோது, அதற்கு ஈடாக வருமான வரியைக் குறைத்தார்கள். ஏழைகளுக்குப் பணமாகவும் கொடுத்தார்கள். பிரான்ஸில் 2018-இல் எரிபொருள் வரியை ஏற்றப் போய், ஜனம் மஞ்சள் சட்டையோடு தெருவுக்கு வந்தது. அதில் நிறையப் பேர் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத சின்ன ஊர்க்காரர்கள்.

நம் நாட்டில்? சுத்தமான எரிசக்திக்கென்று 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ், அதாவது ஒரு காரியத்துக்கென்றே வாங்கும் தனி வரி, போட்டு, 2016-இல் 400 ஆக்கினார்கள். அடுத்த வருஷமே அது, ஜிஎஸ்டி வந்ததால் மாநிலங்களுக்கு ஏற்பட்ட வருமான இழப்பை ஈடுகட்டும் ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸாக மாறிவிட்டது. பசுமையின் பெயரில் ஆரம்பித்த வசூல்! இதுதான் வயிற்றெரிச்சல்.

வரி போடுங்கள், தருகிறேன். அப்புறம் அந்தப் பணத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பஸ் விடுங்கள். ஆத்தா சாய்ந்து உட்கார்ந்து வரட்டும்.