படிக்க முடியாத பேட்டியும் தலைப்பில்லாத அட்டையும்

இசைப் பத்திரிகை வடிவமைப்பு பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது 'ரே கன்' பெயரை எடுத்துவிடுவார்கள். அடுத்து பிரையன் ஃபெர்ரி பேட்டி வரும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரே கன், 1992இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மாற்று ராக் இசை இதழ். அதன் ஆர்ட் டைரக்டர் டேவிட் கார்சன். 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி ஒன்று லே-அவுட்டுக்கு வந்தது. கார்சன் படித்துப் பார்த்தார், சப்பென்று இருந்தது. உடனே முழுப் பேட்டியையும் ஸாஃப் டிங்பேட்ஸ் என்ற ஃபான்ட்டில் போட்டுவிட்டார். அதில் எழுத்தே கிடையாது. நட்சத்திரம், கத்தரிக்கோல், அம்புக்குறி, டிக் அடையாளம், இவ்வளவுதான். பக்கம் முழுக்கப் பொம்மைக் குறிகள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோருமே பரவசத்தோடு சொல்வார்கள். டிசைன் மாணவர்களுக்கு இது புராணம் மாதிரி. எனக்கு என்னவோ இந்தக் கதை மீது மரியாதையே வந்ததில்லை. பேட்டி சுமார் என்றால் திருப்பி அனுப்பலாம், வெட்டிச் சுருக்கலாம், வேறு பேட்டி கேட்கலாம். இதெல்லாம் ஆசிரியரோடு உட்கார்ந்து போடவேண்டிய சண்டை. அந்தச் சண்டையைப் போடாமல், காசு கொடுத்து வாங்கிய ஃபெர்ரி ரசிகன் தலையில் பழியைப் போட்டால் அதற்குப் பெயர் புரட்சியா? எழுதிய நிருபரை நினைத்துப் பாருங்கள். அவர் எழுத்து அச்சில் வந்த அன்று அது எழுத்தாகவே வரவில்லை.

பரவசக்காரர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயமும் உண்டு. அதே இதழின் பின்பக்கத்தில் அதே பேட்டியைப் படிக்கிற மாதிரி மறுபடியும் அச்சிட்டிருந்தார்கள். தைரியம் அவ்வளவுதான்!

கார்சனைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அவர் சமூகவியல் ஆசிரியராக இருந்தவர், தொழில்முறை அலைச்சறுக்கு வீரர், டிசைனுக்குள் தாமதமாக வந்தவர். கல்லூரியில் யாரும் 'இப்படிச் செய்யக் கூடாது' என்று சொல்லி அவரைப் பயமுறுத்தியிருக்கவில்லை. ரே கன் பக்கங்களில் ஒரு பத்தியின் வரிகள் பக்கத்துப் பத்திக்குள் புகுந்துவிடும், தலைப்பு தாளின் ஓரத்தைத் தாண்டி ஓடும், பக்க எண் சில இடங்களில் காணாமல் போகும், சில இடங்களில் தலைப்பை விடப் பெரிதாக நிற்கும். 1992இல் அந்த இதழை வாங்கிய பையன் கேட்டுக்கொண்டிருந்த பாட்டும் அப்படித்தான் இருந்தது. கிடாரை வேண்டுமென்றே கரகரக்க வைத்தார்கள், பாடுகிறவனின் வார்த்தை பாதி புரியாது. காதில் கேட்டது கண்ணிலும் தெரிந்தது. அந்தப் பக்கங்களை நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அங்கே மீறலுக்கான காரணம் இசையில் இருந்தது, ஃபெர்ரி பேட்டியில் டிசைனரின் சலிப்பில் இருந்தது. நான் பிடித்துத் தொங்குவது இந்த வித்தியாசத்தைத்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். அதை யாரும் அதிகம் சொல்வதில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

1967, சான் ஃபிரான்சிஸ்கோ. ஹிப்பிகளின் ஊர். அங்கே அப்போது வந்துகொண்டிருந்த 'ஆரக்கிள்' மாதிரியான மாற்றுப் பத்திரிகைகளைப் பார்த்தால் கண் கூசும். வானவில் மாதிரி ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் கரைந்து ஓடும். எழுத்துகள் புகை மாதிரி நெளியும். கட்டுரை படத்தைச் சுற்றி வளைந்து போகும். அதுதான் அந்த ஊரின் வழக்கம். கலகம் செய்வதற்கே ஒரு சீருடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில், அந்த வருடம் நவம்பரில், யான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் 'ரோலிங் ஸ்டோன்' என்ற இசைப் பத்திரிகையின் முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். உள்ளே பார்த்தால் சுத்தமான பழைய காலத்துச் செய்தித்தாள். டைம்ஸ் எழுத்து, நேரான பத்திகள், பத்திகளைச் சுற்றித் தடித்த கோடும் மெல்லிய கோடும் சேர்ந்த கட்டம். வென்னர் அதற்கு முன் வேலை பார்த்த 'சண்டே ராம்பார்ட்ஸ்' பத்திரிகையின் தோற்றம் அது. முதல் பக்கத்தில் ராணுவத் தொப்பியோடு பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன், ஒரு படத்தின் காட்சி. பக்கத்திலேயே மான்டரே இசை விழாவில் வசூலான பணம் எங்கே போனது என்று கேட்கும் செய்தி.

ராக் இசையைப் பற்றி எழுதும்போது நிதி அமைச்சரைப் பற்றி எழுதுகிற முகத்தோடு எழுதுவது! 1967இல் அதுதான் துணிச்சல். பெரியவர்கள் 'பசங்க சத்தம்' என்று ஒதுக்கிய ஒன்றை, பெரியவர்களின் பத்திரிகை உடையிலேயே கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். லோகோ மட்டும் விதிவிலக்கு. அதை வரைந்தவர் ரிக் கிரிஃபின், அந்த ஊரின் சைக்கடெலிக் (நெளியும் எழுத்து, கண் கூசும் நிறம்) போஸ்டர் ஓவியர். தலையில் மட்டும் ஹிப்பி. வழக்கத்தைப் பின்பற்றுவதே மீறலாக அமைந்த இடம் இது. 'வித்தியாசமா பண்ணுங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒருமுறையாவது பழைய ரோலிங் ஸ்டோனைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பொதுவாக அட்டை விதிகள் எல்லாம் கடையில் பிறந்தவை. பத்திரிகைகளை ஒன்றின் மேல் ஒன்று சரித்து அடுக்குவார்கள், தெரிவது மேல் விளிம்பும் இடது ஓரமும்தான். அதனால் பெயர் மேலே, முக்கியத் தலைப்புகள் இடது பக்கம். தூரத்திலிருந்து வருகிறவனை நிறுத்த வேண்டும், அதனால் ஒரே ஒரு பெரிய முகம், கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள். இதில் அழகியல் கொஞ்சம்தான், வியாபாரம் அதிகம். 1986இல் வந்த 'க்யூ' என்ற பிரிட்டிஷ் இசை இதழின் சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளை எழுத்து, அங்கத்திய இன்னொரு ராக் இதழான 'கெராங்'கின் உடைந்த கண்ணாடி மாதிரியான பெயர், எல்லாமே கடை அடுக்கில் அரை நொடியில் கண்டுபிடிப்பதற்காக வந்தவை. அந்த 'கெராங்' என்ற பெயரே கிடாரை ஓங்கி அடித்தால் வரும் சத்தம்தான்.

இந்த விதிகளை உடைத்ததிலேயே பெரியது என்று நான் சொல்வது 1981 ஜனவரி 22 தேதியிட்ட ரோலிங் ஸ்டோன் அட்டை. ஆனி லீபோவிட்ஸ் 1980 டிசம்பர் 8 அன்று எடுத்த படம். உடையில்லாத லெனன், கறுப்பு உடையில் படுத்திருக்கும் மனைவி யோகோ ஓனோவைக் கட்டிப்பிடித்துச் சுருண்டு கிடக்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை, கண்கள் மூடியிருக்கின்றன. அன்று இரவே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த வருடங்களில் உலகமே பேசிய மரணம். எத்தனை தலைப்பு போட்டிருக்கலாம்! 'கடைசிப் பேட்டி', 'அஞ்சலி', 'சிறப்பிதழ்', எதுவுமே இல்லை. பத்திரிகையின் பெயர், படம், அவ்வளவுதான். 2005இல் அமெரிக்க இதழாசிரியர்கள் சங்கம் அதற்கு முந்தைய 40 வருடங்களின் சிறந்த அட்டையாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது. பெயர் மட்டும் வழக்கமான இடத்தில் மேலேயே நின்றதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் கலைத்திருந்தால் அந்த மௌனம் யாருக்கும் கேட்டிருக்காது.

லண்டனின் 'தி ஃபேஸ்' என்ற இசை, ஃபேஷன் இதழில் அதன் டிசைனர் நெவில் பிராடி செய்தது இன்னொரு மாதிரி, நிதானமான குறும்பு. பொருளடக்கப் பக்கத்தின் தலைப்பு எழுத்தை 1980களின் நடுவில் இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அங்கே சில கோடுகளும் வடிவங்களும்தான் மிச்சம். யாருக்கும் குழப்பம் இல்லை, ஏனென்றால் வாசகருக்கு அந்தப் பக்கம் பழகிவிட்டது. அது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள அந்தச் சொல்லே தேவையில்லை என்பதை மாதாமாதம் நிரூபித்தார். வாசகரைக் கூடவே அழைத்துக்கொண்டு போன மீறல் அது. கொஞ்ச நாளில் பிராடியின் எழுத்துகளை ஊரில் கடைக்குக் கடை காப்பியடித்தார்கள். அவர் அலுத்துப்போய் 1986இல் 'அரீனா' இதழில் ஹெல்வெட்டிகா என்ற சாதாரண ஃபான்ட்டுக்குத் திரும்பினார். கார்சன் பாணிக்கும் அதே கதிதான். அவரே பெப்ஸி, நைக்கி போன்ற கம்பெனிகளுக்கு விளம்பரம் செய்தார். கலைந்த எழுத்து குளிர்பானம் விற்க வந்தபிறகு அதில் கலகம் என்ன மிச்சம்?

இப்போது நம் பக்கம். தமிழில் சுயாதீன இசை, கானா, ராப் என்று சிறு இதழ்களும் பி.டி.எஃப் இதழ்களும் செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் மாதிரி அனுப்புகிறார்கள். பலவற்றில் ரே கன் வாடை. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: அந்த வித்தை ரோமன் எழுத்துக்கானது. ஆங்கில வரியின் கீழ்ப்பாதியை வெட்டினாலும் மேல்பாதியை வைத்துப் பெரும்பாலும் படித்துவிடலாம். தமிழில் கீழே வெட்டினால் 'கு' 'க' ஆகிவிடும். மேலே ஒரு படம் ஏறிப் புள்ளியை மறைத்தால் சொல்லே வேறு. பத்தியைக் குறுக்கினால் 'பாடிக்கொண்டிருந்தார்கள்' மாதிரி ஒரே சொல் ஒரு வரியை விழுங்கும், அடுத்த வரியில் பல் விழுந்த மாதிரி இடைவெளி. அங்கே அழகாகத் தெரிந்த கலைப்பு இங்கே அச்சுப் பிழையாகத்தான் தெரியும்.

ஆனால் தமிழுக்கே உரிய வழக்கங்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் தொடுவதில்லை. கானா பாடகர் பற்றிய கட்டுரைக்கும் சபா கச்சேரி விமர்சனத்துக்கும் ஒரே ஃபான்ட், ஒரே கட்டம், மைக் முன்னால் கண் மூடிய ஒரே மாதிரி போட்டோ. ஏன்? கானாவை அந்த 1967 ரோலிங் ஸ்டோன் மாதிரி, தலையங்கப் பக்கத்தின் கம்பீரத்தோடு போட்டுப் பாருங்களேன். கச்சேரி விமர்சனத்தைச் சுவரொட்டி எழுத்தில் போட்டுப் பாருங்களேன். சண்டை வரும். வரட்டும்.

அப்புறம் அந்த பார்கோடு. இலவசமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் இதழின் அட்டையில் பார்கோடு எதற்கு? எந்தக் கடையில் ஸ்கேன் செய்யப் போகிறார்கள்? இங்கிலாந்தில் முன்பு பள்ளி மீடியா பாடத்தில் மாணவர்கள் இசைப் பத்திரிகை அட்டை, பொருளடக்கம், இரட்டைப் பக்கக் கட்டுரை செய்து காட்டினார்கள். அங்கே பார்கோடு போடுவதற்காவது மதிப்பெண் இருந்திருக்கலாம். நமக்கு அதுவும் இல்லை. எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு க்யூ.ஆர் கோடு வையுங்கள், தட்டினால் பாட்டு கேட்கட்டும். பெயர் மேலேதான் இருக்க வேண்டும் என்பதற்கும் இப்போது காரணம் இல்லை. உங்கள் கடை அடுக்கு ஒரு போன் திரை, அதில் அட்டை கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும். அந்த அளவில் பெயர் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி மாதிரி அனுப்புகிறவர்கள் அட்டையை அனுப்ப வேண்டாம், பொருளடக்கப் பக்கத்தை முதலில் அனுப்புங்கள். அட்டையில் எல்லோரும் சாகசம் செய்துவிடுகிறீர்கள்.