வெதுவெதுப்பான இடம் தேடாதீர்கள், நாம் அங்கேதான் இருக்கிறோம்

பீட்சா மாவு பிசையச் சொல்லித்தரும் எந்த வீடியோவைத் திறந்தாலும் இதே பல்லவிதான்: ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள், பிசைந்த மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கீழக்கரையில் இருந்துகொண்டு அப்படியோர் இடத்தை எங்கே போய்த் தேடுவது? சித்திரையில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான்.

முதல் தடவை நானும் அப்படியே செய்தேன். அரைக் கிலோ மைதாவுக்கு ஒரு பாக்கெட் ஈஸ்ட், இரண்டு கரண்டி சீனி. லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், மாவு சட்டியை விட்டு இறங்கி மேடையில் ஊர்ந்துகொண்டிருந்தது. உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி இது, வீட்டுக்குள்ள கள்ளுக்கடை வச்சிருக்கியா?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் காற்றையும் சாராயத்தையும் விடுகிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பனஞ்சாறு கள்ளாவதும் இதே வேலைதான். சூடு பத்து டிகிரி கூடினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் பொங்கும். குளிர்ப் பிரதேசத்துக் கடிகாரத்தை வைத்து நம் ஊர் மாவை அளந்தால் வேறென்ன ஆகும்?

எனக்குப் புத்தி வந்தது பரோட்டாக் கடையில். அங்கே ஈஸ்ட் கிடையாது, ஆனால் மைதாவின் குணம் அங்கே மாவு பிசையும் காக்காவுக்கு (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) தெரிந்த அளவுக்கு எந்த யூடியூப் சமையல்காரருக்கும் தெரியாது. "மாவோட மல்லுக்கட்டாதம்மா. தண்ணி ஊத்திப் பெரட்டிட்டு அரை மணி நேரம் விட்டுரு, அதுவே பிசைஞ்சுக்கும்" என்றார். நிஜமாகவே அப்படித்தான். சும்மா ஊறினாலே மாவில் இழுவை வந்துவிடுகிறது. பிறகு ஒரு துண்டு எடுத்து விரலால் விரித்துப் பாருங்கள், கிழியாமல் ஜன்னல் வெளிச்சம் தெரியும்.

இப்போது என் கணக்கு: மைதா 500 கிராம், குளிர்ந்த தண்ணீர் 300 மில்லி, உப்பு 10 கிராம், ஈஸ்ட் கால் டீஸ்பூன், அவ்வளவுதான். சீனி வேண்டாம். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதனால் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். காற்றில் ஈரம் அதிகமான நாளில் மைதாவே நமத்துக் கிடக்கும், அன்றைக்கு இரண்டு கரண்டி தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன். பிசைந்து முக்கால் மணி நேரம் வெளியே, அப்புறம் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு நாள். அந்தக் குளிரில் மாவு மெதுவாகப் புளித்து, ருசி ஏறும். நான்கு பீட்சா வரும்.

ஓவன் விஷயத்தில் ரொம்ப ஆசைப்பட வேண்டாம். நேப்பிள்ஸில் 430 டிகிரிக்கு மேல் எரியும் விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கைவேலையை 2017இல் யுனெஸ்கோவே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் வீட்டு ஓவன் 250ஐத் தாண்டாது. கைப்பிடி இல்லாத இரும்புத் தோசைக்கல்லை உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் காயவிட்டு, அதன் மேல் போடுங்கள். அடி மொறுமொறுவென்று வரும். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும், அது வேறு.

உம்மாவுக்குச் சீஸ் இன்றுவரை பிடிக்கவில்லை. பொங்கி வந்த ஓரத்தை மட்டும் பிய்த்து, மத்தியானத்து மீன் ஆணத்தில் (குழம்பில்) தொட்டுச் சாப்பிடுகிறார்.